சித்தப்பாவின் பென்டியம் 3: டாஸ் விளையாட்டில் சத்தமே இல்லை, வேகமும் தாறுமாறு

தெங்கா_புதுவீடு:

எல்லாருக்கும் வணக்கம். அங் மோ கியோவில் சித்தப்பா வீட்டு ஸ்டோர் ரூமைக் காலி செய்யப் போனபோது அவருடைய பழைய டெஸ்க்டாப் கிடைத்தது. கராங் குனிக்காரர் (பழைய சாமான் வாங்குபவர்) ஐந்து வெள்ளி தருகிறேன் என்று பெட்டி மேல் கையே வைத்துவிட்டார், நான்தான் வேண்டாம் அங்கிள் என்று பிடுங்கி டாக்சியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். டாக்சிக்கு 24 வெள்ளி. ஐந்து வெள்ளிச் சாமானுக்கு 24 வெள்ளி டாக்சியா என்று மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உள்ளே இருப்பது: பென்டியம் 3, 500 மெகாஹெர்ட்ஸ், கேசட் மாதிரி செங்குத்தாக நிற்கும் ஸ்லாட் 1 வகை. இன்டெல் 440பிஎக்ஸ் மதர்போர்டு, 128 எம்பி ராம், டிஎன்டி2 கிராபிக்ஸ் கார்டு, சவுண்ட் பிளாஸ்டர் லைவ், 10 ஜிபி ஹார்டு டிஸ்க். ஹார்டு டிஸ்க் ஓடும்போது மிக்ஸியில் கல் விழுந்த மாதிரி ஒரு சத்தம். ஆனாலும் விண்டோஸ் 98 எழுந்துவிட்டது, அதில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் கூட அருமையாக ஓடுகிறது.

தலைவலி டாஸில்தான், அதாவது விண்டோஸுக்கு முந்தைய இயக்குதளத்தில். பாதி விளையாட்டுகளில் சத்தம் வரவே இல்லை. கார் விளையாட்டு ஒன்றில் நான் சாவியில் விரல் வைப்பதற்குள் கார் சுவரில் மோதிவிடுகிறது. இன்னொன்று ரன்டைம் எரர் 200 என்று ஒரே ஒரு வரி போட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறது.

சரி, பெட்டிக்கு வயதாகிவிட்டது, தெம்பு போதவில்லை என்று நினைத்து ஒரு திட்டம் போட்டிருக்கிறேன்: 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3, ராம் 768 எம்பி, கூடவே இன்னும் பெரிய கிராபிக்ஸ் கார்டு. கையில் 150 வெள்ளி இருக்கிறது. வாங்கலாமா?

சாலிடர்_அண்ணன்:

தம்பி, காசை முதலில் பாக்கெட்டிலேயே வையுங்கள். உங்கள் பெட்டி மெதுவாக இருக்கிறது என்று யார் சொன்னது? டாஸ் விளையாட்டுக்கு அது அளவுக்கு மீறி வேகம். அதை இரண்டு மடங்காக்கினால் கார் சுவரில் மோதுவதைக்கூடப் பார்க்க முடியாது.

ரன்டைம் எரர் 200 வருவதும் அதனால்தான். அந்த விளையாட்டை டர்போ பாஸ்கல் என்ற நிரலாக்கக் கருவியில் எழுதியிருப்பார்கள். அதில் ஒரு பகுதி, நிரல் தொடங்கும்போதே 55 மில்லிசெகண்டுக்குள் எத்தனை சுற்று ஓட முடிகிறது என்று எண்ணிப் பார்த்து, அந்த எண்ணை 55ஆல் வகுத்து வைத்துக்கொள்ளும், பின்னால் எங்கே எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட. பழைய 486 சிப் காலத்தில் அது போதும். ஏறக்குறைய 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டியதும் விடை 16 பிட்டுக்குள் அடங்காமல் வழிந்துவிடுகிறது, உடனே வகுத்தல் பிழை என்று நிரல் நின்றுவிடுகிறது. இதற்கென்றே ஒட்டு நிரல்கள் இருக்கின்றன, தேடினால் கிடைக்கும்.

ஒட்டுப் போடாமலும் வழி இருக்கிறது. பயாஸுக்குள் (பெட்டி எழும்போது திறக்கும் அமைப்புத் திரை) போய் எல்1 கேஷை (சிப்பின் வேக நினைவகம்) அணைத்துப் பாருங்கள், உங்கள் பென்டியம் 3 ஒரேயடியாக அதைவிடப் பழைய 386 சிப் மாதிரி தவழும். அது ரொம்ப மெதுவு என்றால் எல்1ஐ விட்டுவிட்டு எல்2 கேஷை மட்டும் அணைக்கலாம். சிப்பின் வேகம் பஸ்ஸின் (சிப் போர்டோடு பேசும் தடம்) வேகத்தைப் போல 5 மடங்கு, அந்தப் பெருக்கல் எண்ணை இன்டெல் பூட்டி வைத்துவிட்டது, ஆனால் போர்டில் 100 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை ஜம்பர் (சின்னச் செருகி) மாற்றி 66க்கு இறக்கினால் 333 மெகாஹெர்ட்ஸ் ஆகிவிடும். எங்கள் காலத்துப் பெட்டிகளில் முன்னாலேயே டர்போ என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் ராக்கெட் மாதிரி பறக்கும் என்று நானும் நம்பியிருந்தேன், அது இருந்ததே பழைய விளையாட்டுக்காக வேகத்தை இறக்கத்தான் என்று தெரிய ரொம்ப நாளாயிற்று.

அப்புறம் சத்தம். சவுண்ட் பிளாஸ்டர் லைவ் நல்ல கார்டு, விண்டோஸில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அது பிசிஐ, அதாவது பிற்காலத்து ஸ்லாட் வகைக் கார்டு. டாஸ் விளையாட்டு டிரைவர் எதையும் கேட்காது, நேராகப் போர்ட் 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1 என்று பழைய சவுண்ட் கார்டின் வழக்கமான முகவரிக்கே போய்க் கதவைத் தட்டும். லைவ் கார்டு அங்கே இல்லை, இஎம்எம்386 என்ற டாஸ் நினைவக நிரலை வைத்துக்கொண்டு ஒரு டிரைவர் மூலமாக நானும் சவுண்ட் பிளாஸ்டர் 16தான் என்று வேஷம் போடும். சில விளையாட்டு நம்பும், சிலது நம்பாது. உங்களுக்குப் பாதிப் பாதி நடப்பது அதனால்தான்.

போர்டின் அடியில் பிசிஐ ஸ்லாட்டை விட நீளமாகக் கறுப்பாக ஒன்றோ இரண்டோ ஸ்லாட் இருக்கும் பாருங்கள். அதுதான் ஐஎஸ்ஏ. அந்தப் பெட்டியிலேயே விலை மதிப்புள்ள இடம் அதுதான், இப்போது கடையில் வரும் சாதாரணப் போர்டுகளில் கிடையாது. அதில் ஒரு ஐஎஸ்ஏ சவுண்ட் கார்டைச் செருகுங்கள். சவுண்ட் பிளாஸ்டர் 16 கிடைத்தால் சந்தோஷம், ஆனால் பெயரைப் பார்த்து விலை ஏற்றிவிடுகிறார்கள். அதே பெயரில் பிற்காலத்தில் வந்த சில கார்டுகளில் இசை எழுப்பும் யமஹாவின் ஓபிஎல்3 சிப்பும் இருக்காது, சொந்த நகல் ஒன்றைப் போட்டிருப்பார்கள். ஈஎஸ்எஸ் 1868 அல்லது யமஹா 719 சிப் போட்ட, பெயரே இல்லாத கார்டு மலிவாகக் கிடைக்கும், சத்தமும் சுத்தம். இத்தனைக்கும் சவுண்ட் பிளாஸ்டர் நம் சிங்கப்பூர்ச் சரக்கு. 1981இல் சிம் வோங் ஹூ இங்கே தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம்தான் 1989இல் அதைக் கொண்டுவந்தது, கொஞ்ச காலத்தில் மற்ற நிறுவனங்களின் கார்டுகளும் சவுண்ட் பிளாஸ்டர் மாதிரிப் பேசக் கற்றுக்கொண்டன. அந்தப் பெருமைக்காக அதிகம் கொடுப்பேன் என்றால் தடுக்க மாட்டேன்.

கார்டைப் போட்டதும் பயாஸில் பிசிஐ அமைப்புப் பக்கத்துக்குப் போய் ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1 இரண்டையும் லெகசி ஐஎஸ்ஏ (பழைய ஐஎஸ்ஏ கார்டுக்கு) என்று ஒதுக்கிவிடுங்கள். இல்லையென்றால் வேறு ஏதாவது பிசிஐ கார்டு முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

ராம் 256 எம்பி தாராளம். 512ஐத் தாண்டினால் விண்டோஸ் 98 டிஸ்க் கேஷுக்கென்று அளவில்லாமல் இடம் பிடித்து, கடைசியில் நினைவகம் போதவில்லை என்று அழும். நிறைய ராம் போட்டு நினைவகம் இல்லை என்று செய்தி வாங்குவது வேறு எங்கும் நடக்காது.

முக்கியமானதை மறந்துவிட்டேன். பவர் சப்ளை பின்னால் சின்னச் சிவப்பு சுவிட்ச் இருந்தால் அது 230இல் நிற்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து தருவித்த ஒன்றை நான் பார்க்காமல் செருகினேன், 115இல் இருந்திருக்கிறது. பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம், வீடு முழுக்க இருட்டு, அடுத்த வீட்டு அம்மா கதவைத் தட்டி என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டார். பெட்டியைத் திறக்கும்போது மதர்போர்டு கப்பாசிட்டர்களின் தலையையும் பாருங்கள், தட்டையாக இருந்தால் சரி, உப்பியிருந்தால் இயக்கவே வேண்டாம்.

பெடோக்_பையன்:

அண்ணே, இவ்வளவு பாடு எதற்கு? இன்றைய கணினியிலேயே டாஸ் விளையாட்டை ஓட்டும் டாஸ்பாக்ஸ் நிரல் இலவசம். கார் வேகமாகப் போனால் இரண்டு சாவியை அழுத்தி மெதுவாக்கிவிடலாம். முழுப் பெட்டியே வேண்டுமென்றால் பழைய கணினியை நிரலாகவே நகலெடுக்கும் 86பாக்ஸ் இருக்கிறது, பயாஸ் திரை முதல் அச்சு அசலாக வரும். பிடிஓ அடுக்குமாடி வீட்டில் இவ்வளவு பெரிய டப்பாவை எங்கே வைப்பது?

சாலிடர்_அண்ணன்:

தம்பி சொல்வது தப்பில்லை. விளையாடுவது மட்டும்தான் நோக்கம் என்றால் டாஸ்பாக்ஸ் போதும், நானே எம்ஆர்டி ரயிலில் போகும்போது அதில்தான் விளையாடுகிறேன். ஆனால் அவர் 24 வெள்ளி டாக்சி கொடுத்தது விளையாட்டுக்கு மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தேக்கா_மீனா:

ஸ்டோர் ரூமில் இத்தனை வருடம் இருந்த பெட்டி என்றால் நம் ஊர் ஈரக்காற்று அதை என்ன செய்திருக்கும் என்று முதலில் பாருங்கள். கார்டு ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து, தங்க நிறப் பற்களை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மறுபடி செருகுங்கள். செத்துப்போச்சு என்று எனக்கு வந்த கார்டுகளில் பாதி இந்த ஒரு வேலையிலேயே உயிர் பெற்றன. பிளாப்பி டிஸ்க் இருந்தால் உடனே டிரைவில் போடாதீர்கள், தகட்டில் வெள்ளையாகப் பூஞ்சை இருந்தால் டிரைவின் தலையும் சேர்ந்து கெடும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் டிரை கேபினட் யாரிடமாவது இருந்தால் ஒரு மூலை கேட்டு வாங்குங்கள்.

பயாஸ் பேட்டரி சிஆர்2032, எந்த மாமாக் கடையிலும் கிடைக்கும். அதை மாற்றாமல் அண்ணன் சொன்ன ஐஆர்க்யூ அமைப்பையெல்லாம் செய்து வைத்தால் சுவிட்சை அணைத்ததும் அத்தனையும் மறந்துவிடும்.

அந்த மிக்ஸி ஹார்டு டிஸ்கில் சித்தப்பாவின் படம், கடிதம் ஏதாவது இருந்தால் இன்றைக்கே நகல் எடுத்துவிடுங்கள். அப்புறம் அதற்குப் பதிலாக காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு ஒன்றை ஐடிஇ (பழைய ஹார்டு டிஸ்க் இணைப்பு) அடாப்டரில் போடலாம். அந்தக் கார்டு உள்ளுக்குள் பேசுவதே ஐடிஇ பாஷைதான், அதனால் அடாப்டர் என்பது வெறும் கம்பி இணைப்பு, பத்து வெள்ளிக்குள் முடியும். 16 ஜிபிக்கு மேல் போகாதீர்கள், அந்தக் காலத்துப் பயாஸ் பலவும் 32 ஜிபியைத் தாண்டிய டிஸ்கைக் கண்டால் அப்படியே உறைந்துவிடும்.

திரை என்ன வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லவில்லையே? அகலத்திரை என்றால் எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள். டாஸ் விளையாட்டு 320க்கு 200, அது 4க்கு 3 திரையை நிரப்பும் என்று கணக்குப் போட்டு வரைந்தது. விநாடிக்கு 70 முறை வேறு புதுப்பிக்கும், மலிவான எச்டிஎம்ஐ மாற்றிகள் அதில் தடுமாறும். பழைய 15 அங்குல எல்சிடி, 1024க்கு 768, அதைத் தேடுங்கள். 17 அங்குலத்தில் பலவும் 5க்கு 4, மோசமில்லை, ஆனால் முகம் கொஞ்சம் நீளும். பழைய குழாய்த் திரை கிடைத்தால் அதற்கு ஈடே இல்லை, ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்கு நிற்கும்போது என்னை நினைத்துக்கொள்வீர்கள்.

வாங்க இடம் கேட்பீர்கள். சுங்கை ரோடு சந்தை இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அங்கே போகச் சொல்லியிருப்பேன், சாக்கில் குவித்து வைத்திருப்பார்கள், பேரம் பேசினால் இரண்டு வெள்ளிக்குக்கூட கார்டு. 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள். இப்போது பழைய பொருள் விற்கும் கேரசல் தளத்தில்தான் தேட வேண்டும். சவுண்ட் பிளாஸ்டர் என்று தேடாமல், சிப் எண்ணைப் போட்டும் வெறுமனே பழைய கணினிப் பாகங்கள் என்று போட்டும் தேடுங்கள். தன்னிடம் என்ன இருக்கிறது என்று தெரியாதவர்தான் மலிவாக விற்பார். சிம் லிம் கணினிக் கடைத்தொகுதியில் மேல் மாடிகளில் நடந்து பார்க்கலாம், கேபிள், அடாப்டர் கிடைக்கும், ஐஎஸ்ஏ கார்டு என்றால் கடைப் பையன்கள் முழிக்கிறார்கள்.

தெங்கா_புதுவீடு:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடுவில் வீடு மாறினோம்.

சிவப்பு சுவிட்ச் 230இல்தான் இருந்தது. கப்பாசிட்டர் எல்லாம் தட்டை. ஈஎஸ்எஸ் 1868 கார்டு ஒன்று 28 வெள்ளிக்கு உட்லண்ட்ஸில் ஒருவரிடம் கிடைத்தது. போட்டதும் ஒன்றும் கேட்கவில்லை, ஒரு ராத்திரி முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். ஐஆர்க்யூ 5ஐ பயாஸில் ஒதுக்கினேன், ஆனால் லைவ் கார்டை எடுக்காமல் வைத்திருந்தேன், அதன் டாஸ் டிரைவரும் போர்ட் 220ஐத்தான் பிடித்திருந்தது. அதை எடுத்து வைத்துவிட்டு, டாஸ் தொடங்கும்போது ஓடும் ஆட்டோஎக்ஸெக் கோப்பில் பழைய வரிகளை அழித்த உடனே அந்தப் பழைய ஓபிஎல் இசை வந்தது பாருங்கள், சித்தப்பா வீட்டு ஹாலில் மாவு அரைக்கும் சத்தத்தோடு சேர்ந்து கேட்ட அதே இசை.

எல்1 கேஷை அணைத்ததும் எரர் 200 போய்விட்டது, கார் விளையாட்டுக்கு அது ரொம்ப மெதுவு, எல்2ஐ மட்டும் அணைத்து 66க்கு இறக்கி வைத்திருக்கிறேன். இப்போது சுவரில் மோதுவது என் தப்பு மட்டும்தான். ஃபிளாஷ் கார்டிலிருந்து முதலில் பூட் ஆகவில்லை, டிஸ்கைப் பிரிக்கும் எஃப்டிஸ்க் நிரலில் அந்தப் பகுதியை ஆக்டிவ் செய்ய மறந்திருந்தேன்.

ஒரே ஒரு சந்தேகம். 256 எம்பி ராம் ஒன்று வாங்கிப் போட்டேன், போர்டு அதை 128 என்றுதான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

சாலிடர்_அண்ணன்:

ஏமாற்றவில்லை. ராமில் எத்தனை சிப் இருக்கிறது எண்ணுங்கள், ஒரே பக்கம் எட்டுதான் இருக்கும். அது பிற்காலத்து அடர்த்தி கூடிய வகை, 440பிஎக்ஸுக்கு அதில் பாதிதான் கண்ணுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் சேர்த்து பதினாறு சிப் இருக்கும் 256ஆக வாங்குங்கள். அல்லது இதையே விட்டுவிடுங்கள், பழைய 128ஓடு சேர்த்தால் 256 வந்துவிட்டதே.

தெங்கா_புதுவீடு:

அட, ஆமாம், எட்டுதான். சரி, அப்படியே விட்டுவிடுகிறேன். மொத்தச் செலவு 71 வெள்ளி, டாக்சியைச் சேர்க்காமல்.

பெடோக்_பையன்:

ப்ரோ, கழற்றி வைத்த அந்த லைவ் கார்டை என்ன செய்யப் போகிறீர்கள்? சும்மா கேட்டேன். எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் யாரோ ஒரு பழைய பெட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், இப்போது என் அறையில் இருக்கிறது, அதில் சவுண்ட் கார்டு மட்டும் இல்லை.