மணி கடிச்சிட்டானாமே

*ஆலமரம் குரூப் (31 பேர்), திங்கட்கிழமை*

ராஜி அத்தை (காலை 6:41): இனிய காலை வணக்கம் 🙏🌺

ராஜி அத்தை: நேத்து மணி அகிலைக் கடிச்சிட்டானாமே. அடுத்த மாசம் அண்ணன் ரிட்டயர்மென்ட்டுக்கு அத்தனை குழந்தைங்களும் வரப்போகுதுங்க. இப்பவே பேசிடறது நல்லது. யாரும் தப்பா எடுத்துக்க வேணாம்

வினோத்: எந்த மணி அத்தை

வினோத்: உங்க வீட்டு மணி மாமாவா, கார்த்தி வீட்டு நாய் மணியா

ராஜி அத்தை: காலங்காத்தால உன்னை யாரு கேட்டா

மணி மாமா: நான் யாரையும் கடிக்கல

செல்வி சித்தி: 😂😂

பெரியப்பா: என்ன ஆச்சு

பெரியப்பா: ரத்தம் வந்துச்சா

கார்த்தி: ரத்தம்லாம் வரல பெரியப்பா. திவ்யா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம அத்தைகிட்ட சொல்லி அத்தை அதை 31 பேர் இருக்கிற குரூப்ல போட்டுட்டாங்க, சரி பரவாயில்ல, நடந்ததை நானே சொல்லிடறேன். அகிலும் எதிர்வீட்டுப் பசங்க ரெண்டு பேரும் சைக்கிளை வச்சுக்கிட்டு வாசல்ல கத்திக்கிட்டே ஓடிட்டு இருந்தாங்க, மணி தலையைத் தாழ்த்திப் பதுங்கி ஒரு பார்வை பார்த்தான், அப்பவே நான் கூப்பிட்டிருக்கணும், போன்ல இருந்தேன், அது என் தப்புதான் ஒத்துக்கறேன், அப்புறம் சுத்தி வட்டம் போட்டு ஓடி மூணு பேரையும் சுவத்தோரமா கொண்டு போய் நிறுத்திட்டான், அகில் மட்டும் நழுவி ஓடப் பார்த்தான், அப்போ குதிகால்ல பல்லால லேசா ஒரு கிள்ளு. இவன் பார்டர் கோலி, இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவுல இருக்கிற மலைப்பக்கம் ஆடு மேய்க்கறதுக்குன்னே உருவாக்கின நாய் சாதி, அவன் கண்ணுக்கு ஓடுறது எல்லாமே மந்தையை விட்டுப் போற ஆடு

வினோத்: அகில் = ஆடு. குறிச்சுக்கிட்டேன்

திவ்யா: என் பிள்ளை ஆடு இல்ல

திவ்யா: நான் யார்கிட்டயும் புகார் சொல்லல. அம்மா கேட்டாங்க, சொன்னேன். சிவந்திருந்துச்சு, தோல் கிழியல. இருந்தாலும் சோப்பு போட்டு 15 நிமிஷம் தண்ணில கழுவி டாக்டர்கிட்டயும் காமிச்சுட்டேன். ராத்திரி ரெண்டு தடவை எழுந்து அழுதான். அதை இங்க ஒருத்தரும் கேக்கல

செல்வி சித்தி: இப்ப எப்படி இருக்கான்மா

திவ்யா: ஸ்கூலுக்குப் போயிட்டான். மறுபடி மணியை எப்ப பார்க்கலாம்னு கேட்டுட்டுத்தான் போனான்

மணி மாமா: தாத்தாவையா

திவ்யா: இல்லப்பா

கார்த்தி: சாரி திவ்யா. நேத்தே கேட்டிருக்கணும்

கார்த்தி: 📷 மணி ஊசி கார்டு

கார்த்தி: ரேபிஸ் ஊசி எல்லாம் தேதி தவறாம போட்டிருக்கு

பெரியப்பா: நாய் எதுக்கு அப்படிப் பண்ணுது. பைத்தியமா

கார்த்தி: பைத்தியம்லாம் இல்ல பெரியப்பா. ஓநாய் வேட்டைக்குப் போனா முதல்ல வெறிச்சுப் பார்க்கும், அப்புறம் பதுங்கும், துரத்தும், கடைசியில கவ்விக் கொல்லும். மேய்க்கிறவங்க தலைமுறை தலைமுறையா பொறுக்கி எடுத்து முதல் மூணை வளர்த்துவிட்டு கவ்வறதையும் கொல்றதையும் அமுக்கிட்டாங்க, ஆனா முழுசா போயிடல, அதான் ஆடு அடங்கலன்னா காலைக் கிள்ளும். 1893ல ஓல்ட் ஹெம்ப்னு ஒரு நாய் பிறந்துச்சு, ஆடம் டெல்ஃபர்னு ஒருத்தர் வளர்த்தது, அது குரைக்கவே குரைக்காதாம், கண்ணாலேயே பார்த்து ஆட்டை நகர்த்துமாம், இன்னைக்கு இருக்கிற பார்டர் கோலி எல்லாம் கிட்டத்தட்ட அதோட வம்சம்தான். பார்டர் கோலிங்கற பேரே 1915 வாக்குலதான் வந்துச்சு

செல்வி சித்தி: *இந்த மெசேஜ் நீக்கப்பட்டது*

வினோத்: அம்மா நான் படிச்சிட்டேன்

வினோத்: "கண்ணாலேயே நகர்த்தறது எங்க மாமியாருக்கும் வரும்"

செல்வி சித்தி: வினோத் வீட்டுக்கு வா நீ

ராஜி அத்தை: அம்மா குரூப்ல இருக்காங்க செல்வி

செல்வி சித்தி: தெரியும் அண்ணி, அதான் அழிச்சேன்

பெரியப்பா: நாற்காலி எத்தனை சொல்லணும்? 60 போதுமா

பெரியப்பா: சீரியல் லைட் கட்ட ஏணி வேணும். மாப்ள ஏணி உங்க வீட்லதானே

மணி மாமா: எந்த ஏணி மச்சான்

பெரியப்பா: ஆறு வருஷம் முன்னாடி எடுத்துட்டுப் போனது

மணி மாமா: நாய் விஷயத்துக்கு வருவோம். எனக்கென்ன தோணுதுன்னா அதுக்கு ஓட்டம் பத்தல. நல்லா ஓட விட்டா அசந்து தூங்கிடும்

கார்த்தி: இதைத்தான் மாமா நானும் முதல்ல நம்பினேன். அவனுக்கு எட்டு மாசம் ஆனதுமே தினம் கூட்டிக்கிட்டு ஓட ஆரம்பிச்சேன், அதுவே தப்பு, எலும்போட வளர்ச்சி முழுசா முடியற வரைக்கும் இந்த வயசுல இழுத்துக்கிட்டு நெடுந்தூரம் ஓடக் கூடாதுன்னு டாக்டர் அப்புறம்தான் சொன்னாரு. முதல்ல 3 கிலோமீட்டர், அவன் அசரல, 5, அப்பவும் அசரல, கடைசியில 8 கிலோமீட்டர் ஓடிட்டு வந்து நான் தரையில படுத்துக் கிடக்கறேன், அவன் பந்தைக் கொண்டு வந்து என் மூஞ்சி மேல போடறான். ஓட ஓட அவனுக்கு உடம்பு தேறிச்சு, எனக்கு முழங்கால் போச்சு. பந்தை மணிக்கணக்கா எறியறதும் அப்படித்தான், அடங்க மாட்டான், அதே வெறி இன்னும் ஏறும்

நித்யா: இப்ப காலைல அஞ்சரைக்கு எழுந்து கூட்டிட்டுப் போறது நான்

நித்யா: வீடியோ பார்த்து வாங்கினது இவரு

வினோத்: 🍿

கார்த்தி: நித்யா இது குடும்ப குரூப்

நித்யா: நானும் குடும்பம்தான்

செல்வி சித்தி: சபாஷ்

ராஜி அத்தை: என்ன வீடியோ

கார்த்தி: சேஸர்னு ஒரு பார்டர் கோலி அத்தை, அமெரிக்காவுல. ஜான் பில்லின்னு ஒரு ரிட்டயர் ஆன பேராசிரியர் மூணு வருஷம் உக்காந்து சொல்லிக் குடுத்தாரு, 1022 பொம்மைக்குத் தனித்தனியா பேர் தெரிஞ்சிருந்துச்சு, எந்தப் பேரைச் சொன்னாலும் அதை மட்டும் கரெக்டா எடுத்துட்டு வந்துச்சு. அதைப் பார்த்துட்டுத்தான். அவரு தினம் நாலஞ்சு மணி நேரம் அதுக்கு ஒதுக்கினாருங்கறதை நான் வாங்கினதுக்கு அப்புறம்தான் படிச்சேன்

வினோத்: 1022 பேர் தெரியுமாம். இங்க பெரியப்பா என்னை மூணு பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டுத்தான் வினோத்துக்கு வருவாரு

பெரியப்பா: ரமேசு நீ சும்மா இரு

வினோத்: பாருங்க

வினோத்: அவ்ளோ புத்திசாலி நாயை வாங்கி மணின்னு பேர் வச்ச ஒரே ஆள் நம்ம கார்த்திதான்

கார்த்தி: பேர் வச்சது பாட்டி

மணி மாமா: அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலயே. போன தடவை கார்த்தி "மணி உக்காரு"ன்னு அதட்டினப்போ நான்தான் உக்காந்தேன்

ராஜி அத்தை: நான் சொன்னா உக்கார மாட்டாரு

கார்த்தி: வினோத் நீ ரொம்பப் பேசாத. போன வருஷம் லேசர் லைட் வாங்கிட்டு வந்து சுவத்துல அடிச்சு விளையாட்டு காட்டினது யாரு? அதைப் பிடிக்கவே முடியாது, பல்லுல எதுவும் மாட்டாது, அதனால இந்த மாதிரி நாய்க்கு அது முடியவே முடியாத வேட்டை. ரெண்டு மாசம் நிழலைத் துரத்திட்டு இருந்தான், நித்யா கையில வாட்ச் மின்னினா கூட சுவத்தைப் பார்த்து நிப்பான்

வினோத்: டேய் அது பூனைக்கு வாங்கினதுடா

மணி மாமா: சரி கார்த்தி. எங்க பழைய நாய்க்கு வாங்கின பூச்சி மருந்து மீதி இருக்கு. ஐவர்மெக்டின்னு போட்டிருக்கு. வயித்துல பூச்சி இருந்தாலும் இப்படி அலையும், குடுத்து விடவா?

கார்த்தி: வேண்டாம் மாமா

கார்த்தி: தயவு செஞ்சு வேண்டாம்

கார்த்தி: அதைத் தூக்கிப் போட்டுடுங்க. கோலி சாதியில சில நாய்ங்களுக்கு எம்டிஆர்1ங்கற ஜீன்ல ஒரு கோளாறு இருக்கும், மத்த நாய்க்கு மூளைக்குள்ள போகாம வெளிய தள்ளிவிடற மருந்து இதுங்களுக்கு உள்ளயே தங்கிடும், தள்ளாடும், வலிப்பு வரும், செத்தும் போகலாம். பார்டர் கோலில அது கம்மிதான், ஆனா டெஸ்ட் பண்ணாம தெரியாது. டாக்டர் எடை பார்த்துக் குடுக்கற சின்ன அளவு வேற, வீட்ல மீந்ததைக் குத்துமதிப்பா குடுக்கறது வேற

மணி மாமா: நல்லதுக்குத்தான் சொன்னேன்

கார்த்தி: தெரியும் மாமா, கோவம் இல்ல

ராஜி அத்தை: ஆறு வருஷத்துக்கு முன்ன வாங்கின மருந்து அது. எதையும் தூக்கிப் போட மாட்டாரு

பெரியப்பா: ஏணி உட்பட

🎤 பாட்டி (0:47)

ராஜி அத்தை: அம்மா வெறும் ஃபேன் சத்தம்தான் கேக்குது

திவ்யா (மதியம் 1:10): இத்தனை பேசியும் விசேஷத்துக்கு மணியை என்ன பண்றதுன்னு ஒருத்தரும் சொல்லல. 11 குழந்தைங்க. எல்லாம் ஓடும். எனக்கு பயம் இருக்கு, அதை மறைக்க விரும்பல

மணி மாமா: மொட்டை மாடியில கட்டிடலாம்

மணி மாமா: முடியை ஒட்ட வெட்டிட்டா வெயிலும் தெரியாது

கார்த்தி: ஐயோ மாமா. அவனுக்கு முடி ரெண்டு அடுக்கு, உள்ள பஞ்சு மாதிரி, வெளிய முரட்டு முடி, சிரைச்சுட்டா வெயில் நேரா தோல்ல அடிக்கும், மறுபடி வளரும்போது திட்டுத் திட்டா வரும். நாய்க்கு நம்மளை மாதிரி உடம்பு பூரா வேர்க்காது, மூச்சிரைச்சுத்தான் சூட்டை இறக்கணும், இந்த சாதி வேற சூடு தாங்காமலும் நிறுத்தாம ஓடி அப்படியே சரிஞ்சு விழும். அதைவிட முக்கியம், மாடியில கட்டிட்டு கீழ 11 குழந்தைங்க ஓடறதை நாள் பூரா பார்க்க வச்சா

வினோத்: பிரியாணி கடை வாசல்ல பட்டினியா நிக்க வச்ச மாதிரி... வேணாம் விடு

நித்யா: நான் சொல்லவா. இவரு கட்டுரை எழுதி முடிக்க சாயங்காலம் ஆயிடும்

செல்வி சித்தி: சொல்லும்மா

நித்யா: அவனுக்குக் கால் சோர்ந்தா பத்தாது, தலை சோரணும். காலைல ஒரு நடை, அவன் இஷ்டத்துக்கு மோந்து பார்த்துக்கிட்டு. அப்புறம் பத்து நிமிஷம் ஏதாவது சொல்லிக் குடுப்பேன். பழைய துண்டுக்குள்ள அவன் சாப்பாட்டைச் சுருட்டி வச்சா அரை மணி நேரம் சத்தமே வராது. 14 பொம்மை பேர் தெரியும். துவைச்ச துணியைக் கூடையில போடுவான் (சில சமயம் திரும்ப எடுத்துடுவான்). எல்லாத்துக்கும் மேல பாய்ல படுன்னா படுக்கணும், சும்மா இருக்கறதையும் சொல்லிக் குடுக்க வேண்டியிருக்கு இவனுக்கு. நேத்து பக்கத்துல நான் இல்ல, பாயும் இல்ல, இவரு போன்ல

கார்த்தி: ஒத்துக்கிட்டேனே

நித்யா: விசேஷத்தன்னிக்கு வந்தா மாடி ரூம்ல என்கூட இருக்கட்டும். கயிறு என் கையில. குழந்தைங்க தூங்கற நேரத்துல கீழ வரட்டும். திவ்யா வேண்டாம்னா வேண்டாம், வீட்லயே விட்டுட்டு ஹரியைப் பார்த்துக்கச் சொல்லலாம், மணி அவன் பேச்சைக் கேப்பான்

திவ்யா: நீ இருந்தா எனக்குப் பிரச்னை இல்ல நித்யா

கார்த்தி: அப்போ என் மேலதான் நம்பிக்கை இல்ல

செல்வி சித்தி: எப்படிடா இருக்கும். ஏழு வயசுல திவ்யா தோள்ல பல் பதியக் கடிச்சவன் நீ. ஊசி கார்டும் கிடையாது

திவ்யா: தழும்பு இன்னும் இருக்கு சித்தி

ராஜி அத்தை: பென்சில் பாக்ஸுக்காக

கார்த்தி: அது என் பென்சில் பாக்ஸ்

திவ்யா: என்னோடது

நித்யா: இன்னொரு விஷயம். பெரியப்பா வீட்டு கேட் கொக்கியை மூக்காலயே தூக்கிடுவான். போன தடவை பாட்டி திறக்கறதைப் பார்த்துக் கத்துக்கிட்டான். பூட்டு போடணும்

பெரியப்பா: யார் வாங்கறது

வினோத்: 👍

பெரியப்பா: 👍 னா நீயா?

பெரியப்பா: வினோத்து

🎤 பாட்டி (0:09)

செல்வி சித்தி: இது கேக்குது. "அந்தப் பிள்ளை வரலன்னா நானும் கீழ இறங்கி வரல"ங்கறாங்க

ராஜி அத்தை: எந்தப் பிள்ளை

செல்வி சித்தி: மணி

மணி மாமா: நன்றி அத்தை

செல்வி சித்தி: நாய் மணி அண்ணே

வினோத்: எனக்கு ஒரு யோசனை. பெரியப்பா அடுத்த மாசத்துல இருந்து சும்மாதான் இருக்கப் போறாரு. மணியும் வேலை இல்லாமதான் கடிக்கிறான். ரெண்டு பேரையும் ஒண்ணா விட்டா

வினோத்: *இந்த மெசேஜ் நீக்கப்பட்டது*

பெரியப்பா: எது அழிச்சே? மேல இருக்கறதை அழிக்கலயே

வினோத்: தப்பானதை அழிச்சிட்டேன்

பெரியப்பா: நான் நாய்க்கு வாத்தியார் இல்ல

ராஜி அத்தை: அண்ணா அவன் விளையாட்டுக்குச் சொல்றான்

பெரியப்பா (இரவு 10:52): கார்த்தி முழிச்சிருக்கியா

பெரியப்பா: அந்த ஆடு மேய்க்கறவங்க நாய்க்கு எப்படிச் சொல்வாங்க. வலது இடது

கார்த்தி: கம் பைன்னா ஆட்டைச் சுத்தி கடிகார முள் போற பக்கமா ஓடும் பெரியப்பா, அவேன்னா எதிர்ப்பக்கம். லை டவுன்னா அப்படியே படுத்துடணும். தேட்'ல் டூ (that'll do)ன்னா போதும், விட்டுட்டு வான்னு அர்த்தம். தூரத்துல இருந்தா விசில்லயே சொல்வாங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு விசில், அதுலயும் இழுத்து ஊதினா

பெரியப்பா: சும்மா தெரிஞ்சுக்கக் கேட்டேன்

வினோத்: 👀

பெரியப்பா: தூங்கு

*செவ்வாய்க்கிழமை*

ராஜி அத்தை (காலை 6:38): இனிய காலை வணக்கம் 🙏🌻

ராஜி அத்தை: நேத்து முழுக்கப் படிச்சேன், கடைசியில எனக்கு ஒண்ணும் புரியல. மணி வர்றானா இல்லையா

மணி மாமா: நான் வருவேன்

பெரியப்பா: ஏணியோட வாங்க மாப்ள