பில்டர் நேரடியாகப் போட்ட காண்ட்ராக்டர்கள்: லிஃப்ட் குழி பாரிகேடுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: சர்ஜாபூர்_சைட்
வணக்கம். பெங்களூரு சர்ஜாபூர் ரோட்டில் 2 பேஸ்மென்ட், 14 மாடி அபார்ட்மென்ட். சிவில் ஒரு கம்பெனி. லிஃப்ட், ஃபசாட் (வெளிச்சுவர் முகப்பு வேலை), எலக்ட்ரிக்கல் மூன்றும் பில்டரே நேரடியாகப் போட்டவை. லிஃப்ட்காரர் ரெயில் மாட்ட பாரிகேடைக் கழற்றுகிறார், திரும்ப மாட்டுவது சிவில் வேலை என்கிறார். சிவில்காரர் "எங்க பி.ஓ.க்யூ-வில் (ஒப்பந்த வேலை-அளவுப் பட்டியல்) இல்லை" என்கிறார். சிவிலில் 210 பேர், மற்ற மூவருக்கும் சேர்த்து 95. சேஃப்டி ஆபீசரை யார் போடணும்?

பதில் 1: பில்லிங்_பாண்டி
ஆள் கணக்கில்தான் எல்லாரும் நழுவுகிறார்கள். 1996 கட்டடத் தொழிலாளர் சட்டத்தில் சேஃப்டி ஆபீசருக்கான வரம்பு 500 பேராக இருந்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் கட்டுமானத்துக்கு அது 250. தனித்தனியாக எண்ணினால் உங்கள் சைட்டில் யாருமே 250-ஐத் தொடவில்லை; கூட்டினால் 305. காண்ட்ராக்டர் தன் ஆட்களுக்கு முதலாளி என்பது பழைய சட்டத்திலேயே உண்டு. ஆனால் இரண்டு காண்ட்ராக்டருக்கு நடுவே இருக்கும் குழி யாருடையது என்பதை ஒப்பந்தம்தான் சொல்லணும்.

பில்டரிடம் ஒரு பக்கக் கடிதம் கேளுங்கள்: சைட் முழுவதுக்கும் சேஃப்டி ஒருங்கிணைப்பு சிவில் கம்பெனிக்கு, அதற்குத் தனி தொகை, எந்தக் காண்ட்ராக்டரின் வேலையையும் நிறுத்தும் அதிகாரம். மற்ற மூவரின் ஒர்க் ஆர்டரிலும் அதே வாசகம் சேரணும். தொகை இல்லாத பொறுப்பை எந்த சிவில் கம்பெனியும் ஏற்காது, ஏற்கச் சொல்வதும் நியாயமில்லை.

பதில் 2: சாரம்_டேக்
கடிதம் வரும்வரை குழி திறந்து கிடக்கக் கூடாது சார். மாடிக்கு மாடி கைமாற்றுச் சீட்டு போடுங்கள்: "7-ஆம் மாடி, லிஃப்ட் 2, பாரிகேட் முழுதாக உள்ளது", தேதி, நேரம், இரண்டு கையெழுத்து, ஒரு போட்டோ. கையெழுத்துப் போட்ட நிமிடத்திலிருந்து லிஃப்ட்காரர் பொறுப்பு. முடித்துத் திருப்பிக் கொடுக்கும்போது அதே சீட்டு.

பாரிகேட் என்று சிவப்பு ரிப்பன் கட்டினால் பயனில்லை. ஒரு மீட்டருக்குக் குறையாத உயரத்தில் மெஷ் கேட், கீழே டோ போர்டு (பொருள் உருண்டு விழாமல் தடுக்கும் பலகை), பூட்டு. சாவி லிஃப்ட் சூப்பர்வைசரிடம் ஒன்று, சேஃப்டி ஆபீசரிடம் ஒன்று.

ஸ்லாபில் பைப் போக விடும் கட்அவுட் துளைகளில் கம்பியை வெட்டாமல் விட்டு கான்கிரீட் போடுங்கள். பிளம்பர் பைப்போடு வரும் அன்று தேவையான கம்பியை மட்டும் வெட்டட்டும். பிளைவுட் மூடினால் அடியில் கட்டை அடித்து நகராமல் செய்து, மேலே "குழி" என்று எழுதணும். சும்மா வைத்த ஷீட்டை மறுநாள் ஷட்டரிங்காரர் தூக்கிப் போயிருப்பார் 😀

சர்ஜாபூர்_சைட்
நன்றி. இன்னொன்று: ஃபசாட்காரர் 3-ஆம் மாடியில் பிராக்கெட் வெல்டிங், அதே பக்கம் கீழே போடியத்தில் (பேஸ்மென்டுக்கு மேலுள்ள திறந்த தளம்) வாட்டர்ப்ரூஃபிங் பிரைமர். இருவரிடமும் பெர்மிட் (அந்த வேலைக்கான எழுத்து அனுமதி) இருக்கிறது!

பதில் 3: ஹாட்ஒர்க்
ஆளுக்கொரு பெர்மிட் புக் வைத்திருந்தால் இதுதான் நடக்கும். இரண்டும் தனியாகப் பார்த்தால் சரி, சேர்ந்தால் தீ. சால்வென்ட் பிரைமரின் ஆவி காற்றைவிடக் கனம். ராம்ப் வழியாக பேஸ்மென்டில் இறங்கித் தங்கும். இன்றே ஒன்றை நிறுத்துங்கள்.

இனி பெர்மிட் புக் ஒன்றே, ஒரே மேஜை. மாலை 4:30-க்கு நான்கு சூப்பர்வைசரும் நின்றபடியே 15 நிமிடம் பேசினால் போதும். மறுநாள் யார், எந்த மாடி, எந்தப் பக்கம் என்று பிளான் ஷீட்டில் கலர் பேனாவால் குறிக்கணும். மேலும் கீழும் ஒரே பக்கத்தில் இரண்டு கலர் விழுந்தால் ஒருவர் தள்ளிப் போகணும். வெல்டிங்குக்கு ஃபயர் பிளாங்கெட், சுற்றிலும் 11 மீட்டரில் எரியும் பொருள் இல்லாமை, முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் காவல் ஆள்.

பதில் 4: பில்லிங்_பாண்டி
மேலே சொன்ன மீட்டிங்குக்கு வராதவருக்கு மறுநாள் பெர்மிட் இல்லை என்று எழுதிப் போடுங்கள். வாரம் ஒரு முறை என்று வைத்தால் ஃபசாட்காரர் நிச்சயம் வரமாட்டார். அங்கே முடிவானதை மறுநாள் காலை டூல்பாக்ஸ் டாக்கில் (வேலை தொடங்கும் முன் பாதுகாப்புப் பேச்சு) இந்தியிலும் வங்காளத்திலும் சொல்ல ஆள் பாருங்கள். குழி ஓரம் நிற்பவர்களில் பாதிப் பேருக்குக் கன்னடமும் தெரியாது, தமிழும் தெரியாது.