மறு: 'செயின் லூப்' தமிழில் – மசகூட்டல்

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக இழையை வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். இன்றுதான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது. பைக் கையேட்டின் ஆறாம் பக்கத்தில் வரும் 'செயின் லூப்', அதாவது செயினுக்கு ஒயில் விடும் வேலை, அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம். இதுவரை வந்த சொற்கள் நான்கு: எண்ணெயிடல், உராய்வுநீக்கல், உயவிடல், மசகிடல். நான் கடைசிச் சொல்லை வழிமொழிகிறேன், ஒரு சிறு மாற்றத்தோடு: மசகூட்டல்.

கையேடு, கொழும்பில் மோட்டார் சைக்கிளில் சாப்பாடும் பார்சலும் கொண்டு ஓடும் பொடியன்களுக்கு. அவர்களுக்குச் செயின், செயின் செட் (செயினும் இரு பற்சில்லுகளும்), கிறீஸ், ஒயில் எல்லாம் ஏற்கெனவே தமிழ்தான். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை வாசலில் நின்று 'சங்கிலி இருக்கிறதா' என்று யாரும் கேட்பதில்லை. அந்தச் சொற்களை அப்படியே விடுவோம். இருக்கிற சொல் வேலையைப் பிழையாகக் காட்டுகிற இடத்தில்தான் புதுச்சொல் வேண்டும். 'ஒயில் போடு' அப்படிப்பட்டது. எங்கே போடுவது, எதற்குள் போக வேண்டும் என்று அது சொல்வதில்லை. அதனால்தான் பலர் செயினின் வெளிப்பக்கத்தில் ஊற்றிவிட்டு, ரிம் முழுக்கத் தெறிக்கத் தெறிக்க ஓட்டிப் போகிறார்கள்.

நானும் ஆறு வருடம் அப்படித்தான் செய்தேன். வீடு வெள்ளவத்தையில், கடலுக்குக் கிட்ட. மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் மரைன் டிரைவில் உப்புத் தூவானம் வீதிக்கே வரும். இரவில் வெளியே நிறுத்திய பைக்கின் செயினில் இரண்டொரு நாளில் செம்மஞ்சளாகக் கறள் படியும். மேலால் ஒயில் ஊற்றினால் கறள் கண்ணுக்குத் தெரியாது, வேலை முடிந்தது என்று நினைப்பேன். 2022இல் மண்ணெண்ணெய்க்கும் வரிசை நின்ற மாதங்களில் கழுவுவதையும் விட்டுவிட்டேன். கடைசியில் ஒரு நாள் பம்பலப்பிட்டிச் சந்தியில் பச்சை விளக்கு விழுந்து எடுத்த எடுப்பில், செயின் பற்சில்லின் பல் மேல் ஏறித் தாண்டியது. பைக் ஒரு கணம் இழுக்காமல் நின்றது, பின்னால் பஸ். தப்பிவிட்டேன்.

மறுநாள் கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்கே பாஸ் (மெக்கானிக்கை அப்படித்தான் கூப்பிடுவோம்) செயினைக் கழற்றிக் கையில் தொங்கவிட்டார். வெளியே பளபளவென்று இருந்தது. ஆனால் சில கண்ணிகள் மடங்கியபடியே நின்றன, நிமிரவில்லை. விரலால் அசைத்தால் உள்ளே மணல் அரைபடுவது போலக் கறகறத்தது. "பாருங்கோ தம்பி, நீங்கள் செயினைக் குளிப்பாட்டியிருக்கிறீங்கள். அது ஒண்டும் குடிக்கேல்லை" என்றார்.

அப்புறம் பக்கத்தில் நின்ற வேறொரு பைக்கில் செய்து காட்டினார். நடு ஸ்டாண்டில் ஏற்றி, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். பாதியாக வெட்டிய தண்ணீர்ப் போத்தலில் மண்ணெண்ணெய், பழைய பல் தூரிகை ஒன்று. தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து, காயவிட்டார். பிறகு செயினின் கீழ் ஓட்டத்தில், சில்லைப் பார்த்த உட்பக்கத்தில், தகடுகள் சேரும் இடைவெளியில் இந்தப் பக்கம் ஒரு துளி, அந்தப் பக்கம் ஒரு துளி. இடது கை சில்லைப் பின்பக்கமாக மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தது. உட்பக்கத்தில் விட்டால், செயின் பற்சில்லைச் சுற்றி ஓடும்போது ஒயில் வெளிநோக்கி வீசப்பட்டு நடுவே புகுந்துதான் போகும். வெளிப்பக்கத்தில் விட்டது நேரே ரிம்முக்குப் போய்விடும். ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம் விட்டு, வெளியில் நின்ற ஒயிலை எல்லாம் துடைத்து எடுத்தார். "வெளியில நிக்கிறது மண்ணைத்தான் பிடிக்கும்."

அவருடைய வலக்கை ஆள்காட்டி விரலுக்கு நுனி இல்லை. இளவயதில் எஞ்சினை ஓடவிட்டுத் துணியால் செயின் துடைத்தபோது பல்லுக்குள் போயிற்றாம். கையேட்டில் வேறு எது சிறிய எழுத்தில் போனாலும், 'எஞ்சினை நிறுத்து, சில்லைக் கையால் சுற்று' என்பது தடித்த எழுத்தில் வர வேண்டும்.

'குடிக்கேல்லை' என்று அவர் சொன்னதில்தான் எனக்கு 'ஊட்டல்' கிடைத்தது. இடுவதும் பூசுவதும் மேலோடு நிற்கிற வேலை. ஊட்டுவது உள்ளே போக வைக்கிற வேலை: சோறு ஊட்டுகிறோம், துணிக்குச் சாயம் ஊட்டுகிறோம். செயினின் உள்ளமைப்புக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. சுவிட்சர்லாந்தில் பிறந்து மன்செஸ்டரில் தொழில் செய்த ஹான்ஸ் ரெனோல்ட் 1880இல் கொண்டுவந்த வடிவம்தான் இன்றும் நம் பைக்குகளில் ஓடுகிறது. நடுவில் ஆணி, ஆணியைச் சுற்றிப் புஷ் என்ற சிறு குழல், புஷ்ஷைச் சுற்றி உருளை. பல்லில் உட்காருவது உருளை. இழுவையை வாங்குவது ஆணியும் புஷ்ஷும் உரசுகிற அந்த மறைவான இடம். அங்கே ஒயில் போகாவிட்டால் வெளியே எவ்வளவு பூசியும் பயனில்லை.

ஓ ரிங் உள்ள செயினுக்கு இது பொருந்தாதே என்று ஓர் அக்கா கேட்டிருந்தார். நல்ல கேள்வி. அதில் ஆணிக்கும் புஷ்ஷுக்கும் இடையே தொழிற்சாலையிலேயே கிறீஸ் வைத்து, இரு பக்கமும் ரப்பர் வளையத்தால் அடைத்துவிடுகிறார்கள். நாம் விடும் ஒயில் அதற்குள் போகாதுதான். ஆனால் உருளைக்கும் புஷ்ஷுக்கும் இடையே போக வேண்டும், வளையம் காய்ந்து வெடிக்காமலும் இருக்க வேண்டும். ஆகவே சொல் நிற்கும். அந்தச் செயினுக்குப் பெற்றோல், கம்பித் தூரிகை, சேர்விஸ் ஸ்டேஷனில் அடிக்கும் அழுத்தத் தண்ணீர் மூன்றும் கூடாது, வளையம் கெட்டுவிடும். 'ஓ ரிங்'கை 'அடைவளையம்' என்று எழுதலாம், 'ஓ ரிங்' என்றே விட்டாலும் எனக்கு மறுப்பில்லை.

இனி 'மசகு'. மற்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எண்ணெயிடல் தலைக்கும் பொருந்தும், தோசைக்கல்லுக்கும் பொருந்தும். பள்ளியில் படித்த உராய்வுநீக்கி, உராய்வு முற்றாக நீங்கிவிடுவது போலக் காட்டுகிறது. உண்மையில் அது குறைகிறது, அவ்வளவுதான். உயவு தமிழ்நாட்டு நண்பர்களுக்குப் பழகிய சொல், மதிக்கிறேன். ஆனால் பழந்தமிழில் உயவு என்றால் வருத்தம். எங்கள் பொடியன்களுக்கு அந்த வருத்தமும் தெரியாது, இந்த எண்ணெயும் தெரியாது.

மசகு எனக்குக் காதில் விழுந்த சொல். அப்பப்பாவிடம் மாட்டுவண்டில் இருந்தது. வைக்கோலைக் கரித்து ஆமணக்கெண்ணெயில் குழைத்த கறுப்பு மசகு ஒரு மூங்கில் குழாயில் வண்டிலின் கீழே தொங்கும். நீண்ட பயணத்துக்கு முன் சில்லைக் கழற்றி அச்சில் அப்புவார். அச்சு, சில்லு, உராய்வு, அதைத் தணிக்கும் கறுப்பு. நாம் தேடும் பொருள் ஒன்றுவிடாமல் அந்தச் சொல்லில் இருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், இலங்கைப் பத்திரிகைகளில் 'மசகு எண்ணெய்' என்றால் நிலத்திலிருந்து எடுத்தபடியே வரும் எண்ணெய். உலக சந்தையில் மசகு எண்ணெய் விலை ஏறியது என்று தினமும் வாசிக்கிறோம். 1969இலிருந்து சப்புகஸ்கந்தையில் சுத்திகரிப்பதும் அதைத்தான். தமிழ்நாட்டில் அதற்குக் கச்சா எண்ணெய் என்று பெயர், அங்கே மசகு எண்ணெய் என்றால் இயந்திரத்துக்கு விடுவது. ஒரே சொல், பாக்கு நீரிணையின் இரு கரையிலும் இரண்டு பொருள். பத்திரிகை வழக்கை நாம் மாற்ற முடியாது, மாற்றவும் தேவையில்லை. 'மசகு எண்ணெய்' என்ற இணைப்பை மட்டும் கையேட்டில் தவிர்ப்போம். பொருளுக்குச் 'செயின் மசகு', செயலுக்கு 'மசகூட்டு'. எண்ணெய் என்ற வால் இல்லாவிட்டால் யாருக்கும் சப்புகஸ்கந்தை நினைவு வராது. 'மசகிடு' எளிது என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் 'இடு' பழைய பிழையையே திரும்பக் கொண்டுவரும்: மேலே இட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

இன்னொரு சொல்லையும் இதே மடலில் கேட்கிறேன். செயின் 'இழுபட்டுவிட்டது' என்று எல்லோரும் சொல்கிறோம், கையேட்டு வரைவிலும் அப்படியே இருக்கிறது. தகடு ரப்பர் போல இழுபடுவதில்லை. ஆணியும் புஷ்ஷும் தேய்ந்து இடைவெளி கூடுகிறது. ஒரு மூட்டில் 0.1 மி.மீ. கூடினாலும், 120 கண்ணியில் 12 மி.மீ. நீளம். 428 என்ற அளவுச் செயினில் ஒரு கண்ணியின் அளவே 12.7 மி.மீ. தான், கிட்டத்தட்ட ஒரு கண்ணி கூடியதற்குச் சமம். அதனால்தான் பல்லோடு பொருந்தாமல் தாண்டுகிறது. இதைத் 'தேய்நீட்சி' என்று எழுதினால் காரணம் சொல்லிலேயே வந்துவிடும். இழுபட்டது என்று நம்புகிறவன் செயினை இறுக்கிக்கொண்டே போவான், தேய்மானம்தான் காரணம் என்று அறிந்தவன் தேயுமுன்னே மசகூட்டுவான்.

செயின் தளர்ந்து தொங்கும் அளவைக் குறிக்கும் 'தொய்வு'க்கு எல்லோரும் சம்மதம் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். 'கழுவல்' போதும், 'துப்புரவாக்கல்' வேண்டாம். கராஜில் மண்ணெண்ணெயால் கழுவுவது என்றுதான் சொல்கிறார்கள்.

பக்கத்தில் எப்படி உட்காருகிறது என்று பார்க்க ஒரு பந்தி எழுதிப் பார்த்தேன்:

'500 கி.மீ.க்கு ஒருமுறை செயினைக் கழுவி மசகூட்டவும். நாளுக்கு 100 கி.மீ. ஓடுகிறவருக்கு இது ஐந்து நாள் கணக்கு. மழையில் நனைந்தால் அன்றிரவே. ஓடி வந்த சூட்டோடு செய்தால் மசகு எளிதில் உள்ளே இறங்கும். தனிச் செயின் மசகு இல்லாவிட்டால் எஸ்.ஏ.ஈ. 90 கியர் ஒயில் போதும். தொய்வைப் பைக்கின் புத்தகத்தில் உள்ள அளவுக்கு வைக்கவும். பல சிறிய பைக்குகளில் அது 20 முதல் 30 மி.மீ. தேய்நீட்சி கண்ட செயினை இறுக்கி ஓட்டாமல், செயின் செட்டாகவே மாற்றவும்.'

நேற்று மாலை இதை எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு பொடியனிடம் வாசிக்கக் கொடுத்தேன். தேய்நீட்சியில் ஒரு கணம் நின்றான், பிறகு "தேஞ்சு நீண்டதா அண்ணை?" என்று கேட்டான். மசகூட்டவும் என்ற இடத்தில் நிற்கவே இல்லை. வாசித்து முடித்ததும் குனிந்து தன் பைக் செயினின் உட்பக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தான்.

பக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மறுப்போ இதைவிட நல்ல சொல்லோ இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள். குறிப்பாக மட்டக்களப்பு, மலையகப் பக்கம் இருப்பவர்கள், அங்கே வண்டில் அச்சுக்குப் போடுவதை என்னவென்று சொன்னார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுச் சொன்னால் பெரிய உதவி.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து