பிரீடன் தேவதூதர் சிற்பத்தின் அசல் எங்கே?

கேள்வி (நடைப்பயணி): போன ஞாயிறு இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் பிரீடன் ஆன் த ஹில் சர்ச்சுக்குப் போனேன். குன்றில் ஒரு பக்கத்தைக் கல்குவாரி தின்றுவிட்டது. மிஞ்சிய உச்சியில் சர்ச் நிற்கிறது. உள்சுவரில் ஒரு சாண் உயரப் பட்டையாகச் சிற்பங்கள்: திராட்சைக் கொடி, பழம் கொத்தும் பறவைகள், விசித்திர மிருகங்கள். ஒவ்வொரு கண்ணிலும் துளை. ஒரு மிருகம் என்னையே முறைப்பது போலிருந்தது! எந்தக் காலத்து வேலை? தேவதூதரின் நகலைத்தான் பார்த்தேன், அசல் எங்கே?

பதில் (பழங்கல்): 8ஆம் நூற்றாண்டின் கடைசி, அல்லது 9ஆம் நூற்றாண்டின் தொடக்கம். இங்கிலாந்தின் நடுப்பகுதியை ஆண்ட மெர்சியா அரசு ஓங்கியிருந்த காலம் அது. அங்கே அப்போது ஒரு மடாலயம் இருந்தது. இப்போதுள்ள கட்டடம் பிந்தையது, பழைய கற்களை எடுத்து இதில் பதித்திருக்கிறார்கள். அதனால் வரிசையாகப் பார்த்துக் கதை தேடாதீர்கள். நானும் ஒரு மதியம் முழுக்கத் தேடி ஏமாந்தவன்தான். அசல் தேவதூதர் கோபுரத்தில், மணியடிக்கும் அறையில் இருக்கிறார். முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். ஆசி தரும் கையைக் கவனியுங்கள், அது பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) முறை.

பதில் (சொல்லாய்வு): ஊர்ப்பெயரும் வேடிக்கைதான். ‘பிரீ’ என்பது பழைய பிரித்தானியர் மொழியில் குன்று, ‘டன்’ என்பது பழைய ஆங்கிலத்தில் குன்று. அப்புறம் ‘ஆன் த ஹில்’ வேறு!

நடைப்பயணி: குன்றுக்குன்று மேல் குன்றா! நன்றி அண்ணா. அடுத்த தடவை டார்ச் எடுத்துப் போகிறேன்.

பழங்கல்: நேராக அடிக்காதீர்கள் தம்பி, பக்கவாட்டில் பிடியுங்கள். அப்போதுதான் இலை நரம்புகூட எழும்பித் தெரியும்.