பாய்கவ்வு, முன்கவ்வு: செல்ஃப் மோட்டார் இருவகைக்குப் பெயர் தேடி

அன்புள்ள குழுவினருக்கு,

மோரிஸ் மைனர் 1000 காருக்குத் தமிழில் எழுதிவரும் பராமரிப்புக் கையேட்டில், தேய்ந்த செல்ஃப் மோட்டாரை மாற்றும் பகுதிக்குச் சொல் வேண்டும். ‘தொடக்கி மோட்டார்’ என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. பட்டறையில் அது ‘செல்ஃப்’தான். 1912இல் கேடிலாக் கார், கைப்பிடி போட்டுச் சுற்றாமல் தானே கிளம்பிய காலத்துப் பெயர் அது. அதை மாற்ற முயல வேண்டாம்.

சிக்கல் அதன் உள்வகையில். மைனரில் இருப்பது லூகாஸ் எம்35ஜி. ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் பகுதி) தண்டின்மேல் திருகுப்புரி வெட்டிய உறை, அதன்மேல் ஒரு சிறு பற்சக்கரம். சுவிட்சைப் போட்டதும் தண்டு விசுக்கென்று சுற்றும். சக்கரம் தன் கனத்தால் பின்தங்கும். அதனால் புரிவழியே ஓடி, பிளைவீலின் (எஞ்சினோடு சுழலும் கனச்சக்கரம்) விளிம்பிலுள்ள பல்வளையமான ரிங் கியரில் போய் மாட்டும். எஞ்சின் பிடித்ததும் ரிங் கியர் அதை வேகமாகச் சுற்றி வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும்.

இன்னொரு வகையில், மோட்டாரின் முதுகில் உட்கார்ந்திருக்கும் சோலினாய்டு (மின்காந்தத் தள்ளி) ஒரு நெம்புகோலால் சக்கரத்தை முதலில் உள்ளே தள்ளும். அதன் பிறகே முழு மின்சாரம். எம்ஜிபி காரின் முதல் வரிசையில் பழைய வகை, 1967இல் வந்த மார்க் 2இல் புதிய வகை. பின்னாளில் அந்தக் காரில் வந்த 2எம்100உம் புதிய வகையே.

நம் கடைகளில் இரண்டின் சக்கரத் தொகுதிக்கும் ‘பெண்டிக்ஸ்’ என்றே பெயர். கையேட்டில் அப்படி எழுதினால் வாசகர் தவறான பாகத்தை வாங்கி வருவார். என் பரிந்துரை: முதல் வகைக்கு நிலைமத் (inertia) தொடக்கி, இரண்டாவதற்கு முன்னிணைப்புத் தொடக்கி. கருத்துச் சொல்லுங்கள்.

*

வணக்கம் ஐயா,

யாழ்ப்பாணத்திலை இண்டைக்கும் ஓடுற மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களுக்கு இந்தக் கையேடு பயன்படும் என்பதால் எழுதுகிறேன். உங்கள் பாடநூலில் ‘நிலைமம்’, எங்கள் பாடநூலில் ‘சடத்துவம்’. எதைப் போட்டாலும் பாதிப் பேருக்கு விளங்காது. அதைவிட முக்கியம், சக்கரம் எப்படிப் போய் மாட்டுகிறது என்று சொல் காட்ட வேண்டும். பிழை பிடிப்பது முழுக்க அதில்தான் தங்கியிருக்கிறது.

மோட்டர் ‘கிர்ர்’ என்று சும்மா சுற்றி எஞ்சின் அசையாவிட்டால், எம்35ஜியில் புரியிலே ஊத்தை பிடித்துச் சக்கரம் ஓடவில்லை, அல்லது பெரிய ஸ்பிரிங் உடைந்துவிட்டது. புரியை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தாலே பலவேளை சரிவரும். கிறீஸ் பூசவே கூடாது. கிளச்சுத் தூசு அதிலே ஒட்டிப் பழையபடி இறுகும். அதே சத்தம் 2எம்100இல் வந்தால் அங்கே வழுக்குவது ஒருபோக்குக் கிளச்சு (ஒரு திசையில் மட்டும் பிடிப்பது). அதைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

‘டக்’ என்று ஒரு சத்தம், லைற் மங்கும், பிறகு ஒன்றுமில்லை என்றால் சக்கரம் ரிங் கியரில் இறுகிப்போயிற்று. எம்35ஜியின் பின்முனையில் சிறிய மூடிக்குள் தண்டு சதுரமாக நிற்கும். அதில் ஸ்பானர் போட்டுத் திருப்பினால் விடுபடும். கழற்றத் தேவையில்லை.

‘முன்னிணைப்பு’ பற்றியும் ஒரு தயக்கம். வயர் இணைப்பு என்று விளங்கிக்கொள்வார்கள்.

*

இருவர் சொன்னதையும் வைத்து:

‘முன்கோப்பு’ என்று முதலில் நினைத்தேன். கோத்தல் நல்ல வினை. ஆனால் கோப்பு என்றால் இன்று அலுவலகக் கோப்புதான் நினைவுக்கு வரும். ‘முன்பிணை’ நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. பல்லுக்கு உரிய வினை கவ்வுதல். பற்சக்கரம் ‘கவ்வுது’, ‘கவ்வலை’ என்று பட்டறையிலும் சொல்வார்கள். ஆகவே:

பாய்கவ்வுத் தொடக்கி: சுழன்றபடி பாய்ந்து கவ்வுவது.
முன்கவ்வுத் தொடக்கி: முதலில் கவ்வி, பிறகு சுழல்வது.

பாய்கவ்வு வினைத்தொகை, ஆதலால் இடையில் ஒற்று வராது. முன்கவ்வு என்பது முன்கை, முன்கோபம் போல இயல்பாக நிற்கும். ‘முற்கவ்வு’ என்று திருத்த வேண்டியதில்லை. அந்தப் புரியுறை, சக்கரம், ஸ்பிரிங் சேர்ந்த தொகுதிக்குப் ‘புரியோட்டி’ எனலாம். முன்கவ்வில் உள்ளதைப் புரியோட்டி என்று எழுதக்கூடாது. அங்கே அது ‘கவ்வுத் தொகுதி’.

*

மிக்க நன்றி. இந்தச் சொற்களைக் கையேட்டுப் பத்தியில் இட்டுப் பார்த்தேன். படித்துச் சொல்லுங்கள்:

“கழற்றுமுன் தொடக்கிதான் குற்றவாளியா என்று உறுதி செய்க. காயிலுக்குப் போகும் சிறு வயரை எடுத்துவிட்டு எஞ்சினைச் சுற்றவிடுக. அப்போது பேட்டரி முனைகளில் சுமார் 10 வோல்ட்டாவது நிற்க வேண்டும். பேட்டரி முனைக்கும் தொடக்கியின் முனைக்கும் இடையில் அரை வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் கேபிளையோ சுவிட்சையோ பார்க்கவும். எர்த் பக்கமும் அவ்வாறே. எர்த் பட்டை துருப்பிடித்திருந்தால் புதுத் தொடக்கியும் மந்தமாகவே சுற்றும்.

“மைனர் பாசிட்டிவ் எர்த் வண்டி, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடலோடு இணைந்தது. முதலில் பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றுக. பிறகு தொடக்கியின் கேபிள் நட்டு, அதன்பின் இரண்டு போல்ட்டுகள். கீழ்ப் போல்ட்டை வண்டிக்கு அடியிலிருந்து எடுக்க வேண்டும். போல்ட்டு விடும்போது தொடக்கியை ஒரு கையால் தாங்கிக்கொள்க.

“பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் கட்டை) நான்கு. 8 மி.மீ.க்குக் கீழே தேய்ந்தால் நான்கையும் மாற்றுக. காந்தச் சுருள் அலுமினியமாக இருந்தால் ஈயம் பற்றாது. பழைய பிரஷ் வயரில் சிறு துண்டை விட்டு வெட்டி, அந்தத் துண்டில் புதியதைப் பற்றவைக்கவும். கம்யூட்டேட்டரை (பிரஷ் உரசும் செம்பு உருளை) பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, நுண்ணிய கண்ணாடித்தாளால் தேய்க்கலாம். எமரித் தாள் கூடாது. பட்டைகளுக்கு நடுவிலுள்ள மைக்காவை டைனமோவில் செய்வதுபோல் தாழ்த்தி அறுக்கக் கூடாது. வெண்கலப் புஷ் தேய்ந்தால் ஆர்மேச்சர் தொய்ந்து காந்த முனையில் உரசும். புதுப் புஷ்ஷை 24 மணி நேரம் மெல்லிய எஞ்சின் ஆயிலில் ஊறவைத்தே அழுத்துக. ரீமர் போட்டால் அதன் நுண்துளை அடைந்து எண்ணெய் கசியாது.

“புரியோட்டியின் பெரிய ஸ்பிரிங்கை அதற்குரிய அழுத்தி இல்லாமல் கழற்ற வேண்டாம். கிளிப் விடுபட்டால் முகத்துக்கே பாயும்.”

*

ஐயா, பத்தி நல்லாயிருக்கு. பாய்கவ்வு எங்கடை கராஜிலும் எடுபடும். இரண்டு விசயம் சேர்க்க வேண்டும்.

தொடக்கியைக் கழற்றிய கையோடு ரிங் கியரையும் பார்க்கச் சொல்லுங்கள். பிளக்குகளைக் கழற்றி, கைப்பிடியால் எஞ்சினை மெதுவாகச் சுற்றி, துளைவழியே ஒவ்வொரு பல்லாகப் பார்க்கலாம். நாலு சிலிண்டர் எஞ்சின் பெரும்பாலும் அரைச் சுற்று இடைவெளியில் இரண்டே இடங்களில் வந்து நிற்கும். பாய்கவ்வு அந்த இரண்டு இடத்தையே திரும்பத் திரும்ப அடிப்பதால் பல் அங்கேதான் உடையும். மற்ற இடமெல்லாம் புதுசு மாதிரி இருக்கும். ஒரு இடத்தை மட்டும் பார்த்து ‘சரி’ என்று மூடினால் புதுப் புரியோட்டியும் கெதியில் பல்லிழக்கும்.

மற்றது, பாய்கவ்வைக் கழற்றி முன்கவ்வைப் பூட்ட ஆசைப்படுவோருக்கு. எம்ஜிபியில் வகை மாறியபோது பிளைவீலும் பின்தகடும் சேர்த்தே மாறின. ரிங் கியர்ப் பல்லின் நுழைவுச் சரிவு, சக்கரம் வந்து நுழைகிற பக்கத்தில் வெட்டப்பட்டிருக்கும். மறுபக்கத்தால் நுழைக்கிற தொடக்கியைப் போட்டால் பல் நுனியைச் சுரண்டும். பழைய எம்35ஜியில் காந்தமும் சுருள், ஆர்மேச்சரும் சுருள், இரண்டும் தொடராக இணைந்தவை. எர்த்தை மாற்றினாலும் ஒரே திசையில்தான் சுற்றும். நிலைகாந்தம் வைத்த புதுத் தொடக்கி அப்படியில்லை, பாசிட்டிவ் எர்த் வண்டியில் தலைகீழாகச் சுற்றும். ஆகவே ‘சுருட்காந்தத் தொடக்கி’, ‘நிலைகாந்தத் தொடக்கி’ என்ற இன்னொரு சோடியையும் பட்டியலில் போடுங்கள்.

*

போட்டாயிற்று. ஒருபோக்குக் கிளட்ச் என்பதையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். தமிழக எழுத்தில் கிளட்ச், இலங்கை எழுத்தில் கிளச்சு, இரண்டும் பட்டியலில் இருக்கும். ‘பெண்டிக்ஸ்’ என்று தேடுவோருக்கு: “புரியோட்டி, கவ்வுத் தொகுதி இரண்டையும் காண்க. வாங்குமுன் தொடக்கியின் உடலில் பொறித்த எண்ணைக் கடையில் காட்டுக.”