தாமிரபரணியை மலையிலிருந்து கடல் வரை பார்க்க மூன்று நாள் போதுமா?

பொள்ளாச்சி டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கங்க. பொங்கல் லீவுல தாமிரபரணிப் பக்கம் வரலாம்னு இருக்கோம். நான், வீட்டுக்காரர், ஏழாவதும் நாலாவதும் படிக்கிற ரெண்டு பசங்க, மாமியார். சொந்தக் கார்ல வர்றோம். கையில மூணு நாள் இருக்கு.

தேடிப் பார்த்தா எங்கேயும் ஒரே பட்டியல்தான் வருது. நவதிருப்பதி, நவகைலாசம், அருவி, முடிஞ்சது. பசங்க கோயில் கோயிலா ஏறி இறங்க மாட்டாங்க. மாமியாருக்கு ஆழ்வார்திருநகரி பார்த்தே ஆகணும். வீட்டுக்காரருக்குப் பறவைன்னா உயிர். நான் சமூக அறிவியல் எடுக்கறேன், அதனால ஆதிச்சநல்லூர் பார்க்காம திரும்ப மனசு வராது. இதையெல்லாம் ஒரே போக்குல பார்க்க வழி இருக்குங்களா? மாமியாருக்கு முட்டிவலி, ரொம்பப் படி ஏற முடியாது. அந்தப் பக்கத்து ஆளுங்க சொன்னா நல்லாருக்கும்.

மடைக்காரன்:

வழி இருக்கு தங்கச்சி. தண்ணீர் போகிற வழியிலேயே நீங்களும் இறங்கி வாருங்கள்.

நான் பொதுப்பணித் துறையில் இந்த ஆற்றின் அணைக்கட்டுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கோயிலைத் தனியாக, பறவையைத் தனியாக, ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழியை (இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானை) தனியாகப் பார்க்க அலைய வேண்டாம். அணைக்கட்டையும் கால்வாயையும் பிடித்துக்கொண்டு வந்தால் மற்றதெல்லாம் அதன் கரையிலேயே வந்துவிடும்.

பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைத் தொடுகிற வரை ஆற்றுக்குச் சுமார் 130 கிலோமீட்டர் ஓட்டம். அதற்குள் எட்டு அணைக்கட்டு: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். அவற்றிலிருந்து 11 கால்வாய் பிரிந்து, நூற்றுக்கும் மேற்பட்ட குளங்களை நிரப்பி, ஏறத்தாழ 86,000 ஏக்கருக்குப் பாய்கின்றன. முதல் ஏழும் ஆங்கிலேயர் வருமுன்பே இங்கே இருந்தவை. ஸ்ரீவைகுண்டம் ஒன்றுதான் 1870களில் அவர்கள் கட்டி முடித்தது.

பெரிய அணை மாதிரி உயரமாக எதுவும் நிற்காது. ஆற்றின் குறுக்கே தாழப் படுத்திருக்கும் கல்கட்டு, அவ்வளவுதான். தண்ணீரைக் கால்வாய் மட்டத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தன் தலைக்கு மேலேயே கீழே விட்டுவிடும். மேலே இருக்கிறவன் எடுத்தது போக, கீழே இருக்கிறவனுக்கும் ஆறு போய்ச் சேர வேண்டும் என்று யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். பசங்களை ஒரு கட்டின் எதிரே கொஞ்ச நேரம் நிறுத்தி இதைச் சொல்லுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் கட்டாயம் புரியும்.

பொங்கலுக்கு வருவது நல்ல முடிவு. எங்களுக்கு இரண்டு போகம். கார் சாகுபடிக்கு ஜூனிலும் பிசானத்துக்கு அக்டோபரிலும் பாபநாசம் அணையைத் திறப்பது வழக்கம். தை மாதத்தில் பிசான நெல் கதிர் விட்டு நிற்கும், கால்வாயில் தண்ணீர் ஓடும், குளத்தில் பறவை இருக்கும். மே மாதம் வந்திருந்தால் இதில் பாதிகூடப் பார்க்க முடியாது.

முதல் நாள் காலையிலேயே பாபநாசம் போய்விடுங்கள். கோயில் படித்துறையில் மீன்கள் காலடி வரை வரும். பொரி வாங்கிக் கொடுத்தால் பசங்க அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள், அம்மாவும் நிழலில் இருக்கலாம். அதற்கு மேல் வனத்துறைச் சோதனைச் சாவடி. அந்தக் காடு 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். பிளாஸ்டிக் பையைக் காரில் வைக்காதீர்கள், பொழுது சாயுமுன் இறங்கிவிடுங்கள். அகத்தியர் அருவி, சொரிமுத்து அய்யனார் கோயில், 1944இல் ஓடத் தொடங்கிய மின்நிலையம் எல்லாம் அந்தப் பக்கம்தான்.

ஒன்று மட்டும் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். பரிகாரம் என்று சொல்லி உடுத்திய துணியை ஆற்றில் விடச் சொல்வார்கள். விட்டுவிடாதீர்கள். அந்தத் துணி மதகு மதகாகப் போய்ச் சிக்கும். தண்ணீருக்குள் இறங்கிக் கையால் இழுத்து எடுத்தவர்கள் எங்கள் லஸ்கர்கள், அதாவது மதகைப் பார்த்துக்கொள்கிற ஊழியர்கள். கட்டுக்கட்டாக வரும். குடிக்கிற தண்ணீர் தங்கச்சி, இந்த ஆற்றை நம்பி எத்தனை ஊர் இருக்கிறது.

ராத்திரி அம்பாசமுத்திரத்திலோ கல்லிடைக்குறிச்சியிலோ தங்குங்கள். கன்னடியன் கால்வாய் பற்றி இங்கே ஒரு கதை உண்டு. கன்னட தேசத்துப் பிரம்மச்சாரி ஒருவருக்கு ஒரு ராஜா பொன்னைத் தானம் கொடுத்தார். அதை என்ன நல்ல காரியத்துக்குச் செலவழிப்பது என்று அகத்தியரிடம் கேட்க, ஒரு பசுவைப் பின்தொடர்ந்து போகச் சொன்னாராம். பசு நடந்த வழி கால்வாய், அது படுத்த இடம் குளம். மட்டம் பார்க்கிற கருவியெல்லாம் வைத்து அந்தக் கால்வாயில் நடந்தவன் நான். தண்ணீர் ஓடுகிற வாட்டம் அத்தனை சரியாக இருக்கும். பசு வழிகாட்டியதோ இல்லையோ, அந்தச் சரிவை அறிந்த மனிதர் ஒருவர் அங்கே நடந்திருக்கிறார்.

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் மன்னார்கோயில் ராஜகோபாலசுவாமி கோயில் இருக்கிறது. சோழர் காலத்தது. நின்ற, இருந்த, கிடந்த என்று மூன்று தளத்திலும் பெருமாள். அம்மாவுக்குப் பிடிக்கும், ஆனால் கீழ்த் தளத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

இரண்டாம் நாள் திருப்புடைமருதூர். அதைப் பற்றி இங்கே நீர்க்காகம் என்ற பெயரில் எழுதுகிற நம் பறவை நண்பர் வந்து எழுதினால்தான் சரியாக இருக்கும். அது முடிந்து சேரன்மகாதேவி, பத்தமடை வழியாகத் திருநெல்வேலி. பத்தமடையில் கோரைப் பாய் நெய்கிற வீட்டைக் கேட்டுப் போய்ப் பாருங்கள், ஆற்றங்கரைக் கோரைதான் அத்தனை மென்மையான பாயாகிறது. சாயங்காலம் குறுக்குத்துறை. முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டுக் கோயிலை ஆற்றிடம் விட்டுவிடுவார்கள். தண்ணீர் வந்து மோதுகிற பக்கத்துச் சுவரைப் படகின் முனை மாதிரி கூராகக் கட்டியிருக்கிறார்கள், அதைக் கவனியுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தையும் அது தாங்கி நின்றது. வண்ணாரப்பேட்டை போகும்போது கடக்கிற பழைய பாலம் சுலோசன முதலியார் தன் கைப்பணத்தில் கட்டியது, 1843இல் திறந்தார்கள்.

மூன்றாம் நாள் திருச்செந்தூர் சாலை. கிருஷ்ணாபுரம் சிற்பங்களைப் பார்த்துவிட்டு ஆதிச்சநல்லூர் போங்கள். அந்த மேட்டை நாங்கள் பரம்பு என்போம். நெல் விளையாத சரளை மேடு. செத்தவர்களை மேட்டில் வைத்து, விளைகிற பள்ளத்தை உயிரோடிருப்பவர்களுக்கு விட்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டினார், பிறகு அலெக்சாண்டர் ரீ, 2004இல் மறுபடியும் தொல்லியல் துறை. இப்போது குழிகளை மூடாமல் மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள், தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்கலாம். வடகரையில் சிவகளை. அங்கே தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் பொ.ஆ.மு. 1155 என்று ஆய்வக முடிவு வந்ததை 2021இல் அரசு அறிவித்தது. உங்கள் வகுப்பில் சொல்ல வேண்டிய செய்தி. மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய ஆளும் இந்தப் பள்ளத்தாக்கில் நெல்லோடுதான் வாழ்ந்திருக்கிறான்.

அங்கிருந்து ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு, ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் இருந்த புளியமரம் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. ஸ்ரீவைகுண்டம் தென்கால்வாயில் பாய்கிற வயல்கள்தான் அந்த ஊரைச் சுற்றி.

நீர்க்காகம்:

அண்ணாச்சி கூப்பிட்டுட்டாங்க, வந்துட்டேன். திருப்புடைமருதூருக்கு வீரவநல்லூர்ல இருந்து வடக்கே திரும்பணும். விடிஞ்சதும் அங்க இருங்க. நாறும்பூநாதர் கோயிலைச் சுத்தியும் ஆத்தங்கரையிலும் பெரிய பெரிய மருத மரம், இலுப்பை மரம். கூழைக்கடா தேடாதீங்க, இங்க சங்குவளை நாரைதான். மஞ்சள் மூக்கு, வால் பக்கம் ரோஸ் கலர் இறகு, பசங்களே கண்டுபிடிச்சிருவாங்க. நீர்க்காகம், வக்கா, கொக்கு, அரிவாள்மூக்கன் எல்லாம் உண்டு. ஊர்க்காரங்க காலங்காலமா பறவையைத் தொந்தரவு பண்ண விட்டதில்லை. 2005ல நாட்டிலேயே முதல் பறவைகள் பாதுகாப்புக் காப்பிடமா அறிவிச்சாங்க. சின்ன இடம்தான், சத்தம் போடாம நடந்தா போதும்.

அந்தக் கோபுரத்தை மறந்துறாதீங்க. அஞ்சு நிலை, உள்ளே மரச் சிற்பமும் சுவர் ஓவியமும். அரபு வணிகர்கள் கப்பல்ல குதிரை கொண்டுவர்ற காட்சிகூட ஒண்ணு இருக்கு. கோயில் ஆட்கள்கிட்ட அனுமதி கேட்டுத்தான் ஏறணும். படி குறுகல், அம்மா கீழேயே இருக்கட்டும். ஃப்ளாஷ் போட வேண்டாம், இருக்கிற வண்ணமாவது மிஞ்சட்டும்.

நாங்க 2011ல இருந்து ஒவ்வொரு ஜனவரியும் இந்த ஆத்துப் பாசனக் குளங்கள்ல நீர்ப்பறவை எண்ணுறோம். திருநெல்வேலி டவுனுக்குள்ள நயினார்குளம், தென்திருப்பேரை பக்கம் கடம்பாகுளம் ரெண்டையும் உங்க வீட்டுக்காரர் விடக் கூடாது.

பொள்ளாச்சி டீச்சர்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. ஐயா, இன்னும் ரெண்டு கேள்வி. காணும் பொங்கலன்னைக்குப் பாபநாசத்துல கூட்டம் தாங்குமா? அப்புறம் மருதூர் அணைக்கட்டுல பசங்க இறங்கிக் குளிக்கலாங்களா? கொற்கையும் போக நேரம் இருக்குமா?

மடைக்காரன்:

காணும் பொங்கலுக்கு மலைப் பக்கமே வேண்டாம். அன்றைக்குக் கிழக்கே இருங்கள், பாபநாசத்தை முந்தின நாளில் முடித்துவிடுங்கள்.

மருதூரில் குளிக்க விடாதீர்கள். அந்தக் கட்டு நேராகப் போகாமல் வளைந்து கிடக்கும், அதனால் தண்ணீர் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு வேகத்தில் விழும். கட்டுக்குக் கீழே எப்போதும் சுழி இருக்கும், நீச்சல் தெரிந்தவனையும் இழுத்துவிடும். கல்லில் பாசி வேறு. கரையில் நின்று பாருங்கள். மேலக்கால், கீழக்கால் என்ற இரண்டு கால்வாயும் இரு பக்கமும் பிரிகிற இடத்தைப் பசங்களுக்குக் காட்டுங்கள். ஸ்ரீவைகுண்டத்தில் பாலத்தின் மேலேயே நின்று பார்த்துக்கொள்ளலாம். குளிப்பதற்குக் கல்லிடைக்குறிச்சியில் ஊர்ப் பெண்கள் குளிக்கிற படித்துறையைக் கேட்டுப் போங்கள், சோப்பு வேண்டாம்.

கொற்கைக்கு ஏரல் வழியாகப் போகலாம். மதியத்துக்குள் ஆழ்வார்திருநகரியை முடித்தால் நேரம் இருக்கும். பாண்டியரின் முத்துத் துறைமுகம் இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே வயலுக்கு நடுவே நிற்கிறது. ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல்தான் கடலைத் தள்ளியது. பழைய வன்னி மரம் ஒன்று இருக்கிறது, காரை அதன் பக்கம் வரை கொண்டு போகலாம். அம்மா நடக்க வேண்டியதில்லை.

கிளம்புவதற்கு முன் அணை நீர்மட்டத்தைச் செய்தியில் பார்த்துக்கொள்ளுங்கள். பாபநாசம் 143 அடி. நிறைகிற நிலையில் இருந்து மலையில் மழையும் பெய்தால் உபரி நீரைத் திறப்பார்கள், அப்போது படித்துறையில் யாரும் இறங்கக் கூடாது. வருகிற தேதியை இங்கே போட்டுவிடுங்கள் தங்கச்சி, எந்தக் கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது என்று விசாரித்து எழுதுகிறேன்.