தங்கம் தேடும் காட்டில் பாம்பு: மெட்டல் டிடெக்டருடன் போகிறவர்கள் எப்படித் தற்காத்துக்கொள்வது?

தாமிரபரணியான் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். மெல்பர்னில் குடியிருக்கிறேன். மைனர்ஸ் ரைட் எனப்படும் உரிமம் எடுத்து, டனோலி, டார்னகுல்லா, மோலியாகுல் பக்கம் உள்ள காடுகளில் மெட்டல் டிடெக்டர் கொண்டு தங்கம் தேடி வருகிறேன். 1869இல் வெல்கம் ஸ்டிரேஞ்சர் என்னும் பெரும் தங்கக்கட்டி கிடைத்த மண் என்பதால், ஒரு பொட்டுத் தங்கமாவது அகப்படாதா என்ற ஆசைதான்.

சென்ற வாரம், சிக்னல் கேட்ட இடத்தில் மண்டியிட்டுப் பிக்காசால் கொத்திக்கொண்டிருந்தபோது, இரண்டு அடி தூரத்தில் பழுப்பு நிறப் பாம்பு ஒன்று காயிலின் (டிடெக்டரின் அடியில் உள்ள தட்டின்) ஓரமாக ஊர்ந்து கடந்து போயிற்று. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு குழியையே பார்த்துக்கொண்டிருந்ததால், அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்றே எனக்குத் தெரியவில்லை.

என் சந்தேகங்கள் இவை. காலுக்குக் கெய்ட்டர் எனப்படும் தடித்த காலுறை அணிந்தால் போதுமா? ஹெட்ஃபோனைத் தவிர்க்க வேண்டுமா? கடித்துவிட்டால், ஊரில் பெரியவர்கள் சொன்னபடி கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டலாமா? பெரும்பாலும் தனியாகத்தான் போகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரும்புப்பட்டை பதிலளிக்கிறார்:

ஐயா, நீங்கள் பார்த்தது ஈஸ்டர்ன் பிரவுன் என்னும் நஞ்சுள்ள பாம்பாக இருக்கலாம். ஆனால் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த இனம் வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பிலிருந்து கரும்பழுப்பு வரை பல நிறங்களில் வரும். குட்டிகளுக்குத் தலையில் கறுப்புப் பட்டையும் இருக்கும். ஓடைக்கரைகளில் டைகர் பாம்பும் உண்டு. எது என்று ஆராய்வது நம் வேலையில்லை. எல்லாவற்றையும் நஞ்சுள்ளதாகவே வைத்துக்கொண்டு விலகிப் போவதுதான் நம் வேலை.

கெய்ட்டர் அவசியம் அணியுங்கள். தடித்த கேன்வாஸில், முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை வருவதாக இருக்கட்டும். ஆனால் அது நடக்கும்போது காலைத்தான் காக்கும். நீங்களே எழுதியிருப்பதுபோல, நம் தொழிலில் ஆபத்தான நேரம் நடக்கும் நேரமன்று, மண்டியிட்டுத் தோண்டும் நேரம். அப்போது கையும் முகமும் தரைக்கு வந்துவிடுகின்றன, கண் குழிக்குள் இருக்கிறது, காது ஹெட்ஃபோனுக்குள் இருக்கிறது. ஆகவே மண்டியிடுமுன் எழுந்து நின்றபடியே ஒருமுறை சுற்றிலும் பாருங்கள். அருகில் உள்ள புல்லைக் காலாலன்றிப் பிக்காசின் பிடியால் விலக்குங்கள். தோண்டிய மண்ணைக் கையால் அள்ளாமல் பிளாஸ்டிக் ஸ்கூப்பால் அள்ளி, காயிலின் மேல் ஆட்டிச் சோதியுங்கள்.

பழைய குடிசை இருந்த இடங்களில் பழங்காசு கிடைக்கும் என்று நாமெல்லாம் துருப்பிடித்த தகரத்தைத் தேடிப் போகிறோம். பாம்பும் வெயில் ஏறிய தகரத்தின் அடியைத்தான் தேடி வருகிறது. தகரத்தையோ மரக்கட்டையையோ தூக்க நேர்ந்தால், விரலை அடியில் விடாமல், நீண்ட கொக்கியால் எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கமாக உயர்த்துங்கள். அப்போது திறக்கும் வாய் உங்களுக்கு எதிர்ப்புறமாக இருக்கும், தகரமே உங்களுக்கும் பாம்புக்கும் நடுவே தடுப்பாக நிற்கும்.

இன்னொன்றைப் பலரும் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அந்தக் காடு முழுவதும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டிக் கைவிட்ட செங்குத்துக் குழிகள். விளிம்பில் புதர் மண்டியிருக்கும், ஆழம் பல ஆள் உயரம். பாம்பைக் கண்டதும் அதன்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் பின்னோக்கி நடப்பது இயல்புதான், ஆனால் பாம்பை விட்டுக் குழியில் விழுந்தால் நிலைமை மேலும் மோசமாகும். பாம்பு எட்டும் தூரத்தில் இருந்தால் அசையாமல் நில்லுங்கள். பெரும்பாலும் அதுவே நகர்ந்துவிடும். விலக வேண்டியிருந்தால், வந்த வழியைத் திரும்பிப் பார்த்து, கால் வைக்கும் இடத்தை உறுதி செய்துகொண்டு மெதுவாக விலகுங்கள்.

வெயில்காரன் பதிலளிக்கிறார்:

இவ்வளவு யோசனை எதற்கு? நீளமான மண்வெட்டி ஒன்று கையில் இருந்தால் ஒரே வெட்டில் தீர்ந்துவிடும்.

இரும்புப்பட்டை பதிலளிக்கிறார்:

தம்பி, அப்படிச் செய்யாதீர்கள். நாம் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் 1975ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி பாம்புகள் பாதுகாக்கப்பட்டவை. சட்டம் ஒருபுறம் இருக்க, அடிக்கவோ பிடிக்கவோ நெருங்கிக் கடிபட்டவர்கள் இந்த நாட்டில் ஏராளம். ஈஸ்டர்ன் பிரவுனைச் சீண்டினால் கழுத்தை எஸ் வடிவில் தூக்கி நிற்கும். அதன் வேகத்துக்கு உங்கள் மண்வெட்டி ஈடு கொடுக்காது.

வார்டு செவிலி பதிலளிக்கிறார்:

கயிறு கட்டுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், கட்டவே கூடாது. வெட்டுவதும், உறிஞ்சுவதும், கழுவுவதும் கூடாது. தோலில் ஒட்டியிருக்கும் நஞ்சை மருத்துவமனையில் சோதித்துப் பார்க்க முடியும் என்பதால்தான் கழுவ வேண்டாம் என்கிறோம். பாம்பைப் பிடித்துக் கொண்டுவரவும் தேவையில்லை.

ஆஸ்திரேலியப் பாம்புகளின் நஞ்சு பெரும்பாலும் நிணநீர் வழியாகவே உடலுக்குள் பரவுகிறது. தசை அசைந்தால் நிணநீர் ஓடும். அந்த ஓட்டத்தைத் தடுப்பதற்காக ஸ்ட்ரூவன் சதர்லேண்ட் என்ற மருத்துவர் 1979இல் வெளியிட்ட அழுத்தக்கட்டு முறையையே இங்கு இன்றும் பின்பற்றுகிறோம். பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் அகலமுள்ள எலாஸ்டிக் பேண்டேஜால் முதலில் கடிவாயின்மேல் சுற்ற வேண்டும். பிறகு இன்னொன்றை எடுத்து, விரல்களுக்குச் சற்று மேலிருந்து தொடங்கி, அந்தக் கை அல்லது கால் முழுவதையும் மூடும்படி மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். சுளுக்குக்குக் கட்டும் இறுக்கம் போதும்; நுனிவிரல்கள் வெளியே தெரியட்டும். உடையைக் கழற்ற முயன்று காலை அசைக்காமல், கால்சட்டையின் மேலேயே கட்டுங்கள். பிறகு ஒரு கொம்பையோ கருவியின் தண்டையோ சிம்பாக வைத்துக் கட்டி, கடிபட்ட இடத்தைப் பேண்டேஜின்மேல் பேனாவால் குறித்து, படுத்துவிடுங்கள். காருக்கு நடந்து போகக் கூடாது. பாம்புக்கடிக்கென்றே விற்கும் பேண்டேஜ்களில் நீள்சதுரங்கள் அச்சிட்டிருக்கும். சரியான இறுக்கத்தில் அவை சதுரமாகிவிடும். பழக்கமில்லாதவர்களுக்கு அதுவே நல்லது. வீட்டில் ஒருமுறை உங்கள் மனைவியின் கையில் கட்டிப் பழகிக்கொள்ளுங்கள்.

பிரவுன் பாம்பின் கடி பலநேரம் வலிப்பதே இல்லை, சிறு கீறல்போலத்தான் தெரியும். ஆனால் அந்த நஞ்சு இரத்தம் உறையும் தன்மையைக் கெடுப்பது. சிலர் சில நிமிடங்களிலேயே மயங்கி விழுகிறார்கள். நஞ்சே இறங்காத கடிகளும் உண்டு என்றாலும், அதைத் தீர்மானிக்கக் குறைந்தது 12 மணி நேரம் மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். எனவே, ‘முள் குத்தியிருக்கும்’ என்று விட்டுவிடாதீர்கள்.

ஊருக்குப் போகும்போது இந்த முறையை அப்படியே கொண்டுபோக வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கடித்த இடத்தின் தசையையே அழிப்பவை. அங்கே அழுத்திக் கட்டுவது கேட்டைக் கூட்டலாம். அங்கே கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து 108ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போவதுதான் வழி.

தாமிரபரணியான் கேட்கிறார்:

இருவருக்கும் மிக்க நன்றி. பேண்டேஜை காரில் முதலுதவிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அலைபேசி அலை அந்தக் காட்டில் பாதி இடத்தில் கிடைப்பதில்லை. தனியாகப் போகிறவர் என்ன செய்வது?

இரும்புப்பட்டை பதிலளிக்கிறார்:

காரில் இருக்கும் பேண்டேஜ், கடிபட்டவருக்குப் பயன்படாது. நடக்கக் கூடாதென்று மேலே அம்மையார் சொன்னதைப் பாருங்கள். மூன்று பேண்டேஜ்களை இடுப்புப்பையிலேயே வையுங்கள். கூடவே பிஎல்பி எனப்படும் அவசரக் கருவி ஒன்றும் உடலிலேயே இருக்க வேண்டும். 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும், அலைபேசி அலை தேவையில்லை, மாதக் கட்டணமும் இல்லை. வாங்கியதும் ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் உங்கள் பெயரில் பதிந்துவிடுங்கள். அலை கிடைக்கும் இடமானால் 000க்கு அழையுங்கள். எமர்ஜென்சி பிளஸ் செயலி நீங்கள் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைத் திரையில் காட்டும், அதை அப்படியே வாசித்தால் போதும்.

துணையோடு போனாலும் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு டிடெக்டர்கள் அருகருகே இயங்கினால் ஒன்றின் இரைச்சல் மற்றொன்றில் கேட்கும் என்பதால், நாம் எப்படியும் விலகியே தேடுகிறோம். கூப்பிட்டால் ஹெட்ஃபோன் காதுக்குக் கேட்காது. ஆகவே தோள்பட்டையில் மாட்டும் சிறு ஸ்பீக்கருக்கு மாறுங்கள், அல்லது ஒரு காதையாவது திறந்து வையுங்கள். இருவர் கையிலும் யுஎச்எஃப் வாக்கிடாக்கி இருக்கட்டும். அரைமணிக்கு ஒருமுறை பேசிக்கொள்வது என்று முன்பே ஒப்புக்கொள்ளுங்கள்; பதில் வராவிட்டால் தேடிப் போக வேண்டும். தனியாகப் போவதென்றால், எந்தப் பாதையில் காரை நிறுத்துகிறீர்கள், எத்தனை மணிக்குள் அழைப்பீர்கள் என்பதை வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை அவை சுறுசுறுப்பாக இருக்கும். குளிர்காலத்தில் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. ஆனால் வெயில் அடிக்கும் ஜூலை நாளிலும் ஒன்றிரண்டு வெளியே வந்து படுத்திருப்பதுண்டு, எனவே கெய்ட்டரைப் பரண்மேல் போட்டுவிடாதீர்கள்.